தாழ்த்தப்பட்ட போலோ: டயர் உரசலும் ஒருபக்கச் சாய்வும்

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2015ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.5 லிட்டர் டீசல். முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கியது, 90,000 கி.மீ. தாண்டிவிட்டது. அண்மையில் கோவையில் உள்ள ஒரு பட்டறையில் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை நான்கு பக்கமும் மாற்றி, 16 அங்குல அலாய் வீல்களையும் பொருத்தினேன். ஷாக் அப்சார்பர்கள் வண்டியோடு வந்த பழையவையே. பழைய வீலில் 6 அங்குல அகலம், இ.டி. 40 ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம், மி.மீ.யில்) என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதில் இருந்த டயர் 185/60 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 விழுக்காடு, வீல் 15 அங்குலம்). புதிய வீலின் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் இ.டி. 35, டயர் 205/55 ஆர்16.

ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுவதுமாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது வலது முன் டயர், வீல் வளைவின் உட்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் லைனரின் பின்மூலையில் உரசுகிறது. வலப்பக்கம் ஒடித்தால் இடது முன் டயர் அந்த அளவுக்கு உரசுவதில்லை. பின்னிருக்கையில் இருவர் அமர்ந்து ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது, வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் இடது பின் டயர் ஃபெண்டரில் உரசும் சத்தம் கேட்டது; டயரின் வெளித்தோளில் ஒரு கோடு போல் ரப்பர் சீவப்பட்டிருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் வண்டி வலப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்பது போல் தெரிகிறது. சிறிய வேகத்தடையில்கூட முன்பக்கம் "தடார்" என்று இடிக்கிறது. நெடுஞ்சாலையின் அலையான பகுதிகளில் பின்பக்கம் ஒருமுறைக்கு இருமுறை குதித்த பிறகே அடங்குகிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடது முன்பக்கத்திலிருந்து "டக்" என்றொரு ஓசையும் வருகிறது.

நான்கு ஃபெண்டர்களின் விளிம்பையும் உள்ளே மடித்துவிட்டு, வலது பின் ஸ்பிரிங்கில் மட்டும் ஒரு ரப்பர் பஃபர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். பெயின்ட் மேல் கை வைப்பதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

திருகுசாவி:

வணக்கம். ஃபெண்டரை மடிப்பதையும் பஃபர் வைப்பதையும் இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு சிக்கல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. டயரின் அளவால் நான்கு மூலைகளிலும் இடம் குறைந்திருப்பது ஒன்று. அப்படிக் குறைந்த இடத்தில், நான்கும் உரசாமல் குறிப்பிட்ட இரண்டு மட்டும் உரசுவது மற்றொன்று. முதலாவதைக் கணக்குப் போட்டே அறியலாம். இரண்டாவதை அளந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

கணக்கை முதலில் பார்ப்போம். 185/60 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 111 மி.மீ.; அதை இருமடங்காக்கி 15 அங்குலமான 381 மி.மீ.யோடு கூட்டினால் விட்டம் 603 மி.மீ. வருகிறது. 205/55 ஆர்16 டயருக்கு அதே கணக்கில் ஏறத்தாழ 632 மி.மீ. வருகிறது. ஆக, விட்டம் 29 மி.மீ. கூடியிருக்கிறது, ஆரம் 14.5 மி.மீ. கூடியிருக்கிறது. ஒடித்துத் திருப்பும்போது லைனரின் மூலையைத் தொடுவது இந்தக் கூடுதல் ஆரம்தான். ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் இதற்கேற்ப ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அகலத்தில், டயர் 20 மி.மீ. பெருத்துள்ளதால் பக்கத்துக்கு 10 மி.மீ.; ஆஃப்செட் 40இலிருந்து 35ஆகக் குறைந்ததால் வீல் முழுவதும் 5 மி.மீ. வெளியே தள்ளப்பட்டுள்ளது. எனவே டயரின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 15 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உட்பக்கம் 5 மி.மீ. மட்டுமே ஸ்ட்ரட்டை (முன்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணை) நெருங்கியிருக்கிறது. உரசல் வெளித்தோளில் தெரிவது இதோடு ஒத்துப்போகிறது.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டதால் டயர் முன்பைவிட மேலே ஏறுகிறது என்று நினைக்கிறோம். சஸ்பென்ஷன் முழுவதுமாக அமுங்கும்போது டயர் எவ்வளவு மேலே போகும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அன்று, பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர்க் கட்டை. அதை யாரும் வெட்டாமல் இருந்தால் அந்த எல்லை மாறவே இல்லை. எல்லையை அடிக்கடி தொடுகிறோம், அவ்வளவுதான். பட்டறையில் பம்ப் ஸ்டாப்பை வெட்டினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி அளக்க வேண்டியவை. தரை சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டக் குழாயாலோ ரசமட்டத்தாலோ உறுதி செய்துகொண்டு, நான்கு டயரிலும் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, வண்டியைச் சில அடிகள் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் டயர்கள் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தவறான உயரம் காட்டும். வீலின் நடுமையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர்த் தேய்மானம் அதில் கலந்துவிடும். பிறகு ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கும் வீலின் விளிம்புக்கும் உள்ள கிடைமட்ட இடைவெளியையும் நான்கு பக்கமும் அளந்து கொள்ளுங்கள். வண்டிக்கு முன்பு விபத்து ஏதும் நேர்ந்ததா, டிங்கரிங் நடந்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

மலைப்பாதை:

அண்ணன் திருகுசாவி சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், ஃபெண்டர் மடிப்பைப் பாவச்செயல் போல் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வெப்பக்காற்றால் பெயின்ட்டைச் சூடாக்கி, பொறுமையாக மடித்தால் அது நன்றாகவே நிற்கும். அவசரப்பட்டால் பெயின்ட் நுண்ணிய வெடிப்பு விடும். கோவையில் அது மெல்லத்தான் துருப்பிடிக்கும், சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்று விட்டுவைக்காது. எது எப்படியாயினும் அது கடைசி வேலை என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

வால்பாறைச் சாலையில் நீங்கள் கண்டதை எளிதாக விளக்கலாம். வலப்பக்கம் திரும்பும்போது உடல் இடப்பக்கம் சாய்கிறது; பின்னிருக்கையின் எடையும் சேர்ந்து இடது பின் ஸ்பிரிங் மிக ஆழமாக அமுங்குகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்மின் (வீலைக் கீழ்ப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் கையின்) வெளிமுனை மேலேறி, ஆர்ம் கிடைமட்டத்தை நெருங்கிவிடுகிறது. அதனால் முன்பக்கத்தின் ரோல் சென்டர் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால் வளைவில் உடலைச் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ஸ்பிரிங் போதிய அளவு கடினமாக இல்லாவிட்டால், தாழ்த்திய வண்டி பழைய வண்டியைவிட அதிகமாகவே சாயும். தாழ்வாக இருந்தால் வளைவில் நன்றாக நிற்கும் என்ற பொது நம்பிக்கை, இந்த வகை சஸ்பென்ஷனில் ஓர் எல்லை வரைக்கும்தான் உண்மை.

குதிப்பும் இடிப்பும் ஷாக் தொடர்பானவை. 90,000 கி.மீ. ஓடிய ஷாக், பழைய மென்மையான ஸ்பிரிங்கையே தட்டுத்தடுமாறித்தான் அடக்கிக் கொண்டிருந்திருக்கும். தாழ்த்தும் ஸ்பிரிங் அதைவிடக் கடினமானது, அதைத் திரும்பி எழும்போது பிடித்து நிறுத்த இன்னும் வலுவான ஷாக் வேண்டும். அந்த வலு இல்லாததால்தான் பின்பக்கம் இருமுறை குதிக்கிறது. முன்பக்க இடிப்பைச் சோதிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. தூசி உறையை மேலே தள்ளி, ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு சிறிய கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அதை அடிப்பகுதிக்கு இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் போய்வந்து பார்த்தால், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதை அந்த டை நின்ற இடம் காட்டிவிடும். அது பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருந்தால், உங்கள் வண்டி ஸ்பிரிங்கில் பாதியும் ரப்பர்க் கட்டையில் பாதியுமாக ஓடுகிறது என்று பொருள். இடப்பக்கமும் வலப்பக்கமும் டை வேறு வேறு உயரத்தில் நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பக்கத்தில் பஃபர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சுருள்களுக்கு இடையே ரப்பரைச் செருகினால் அந்தச் சுருள் வேலை செய்யாது; மீதிச் சுருள்கள் மட்டும் வளைவதால் அந்த ஸ்பிரிங் கடினமாகிவிடும். இடதும் வலதும் வெவ்வேறு கடினத்தில் இருக்கும் பின்பக்கத்தோடு ஈரமான மலைப்பாதையில் பிரேக் அடித்துப் பார்க்க நான் விரும்ப மாட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே உறுதிப்படுத்தியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்து மூலம் தெரிவித்து வைப்பது நல்லது.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. அடுக்குமாடியின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் தரையைச் சரிபார்த்து அளந்தேன். வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை: முன் இடது 346 மி.மீ., முன் வலது 335 மி.மீ., பின் இடது 350 மி.மீ., பின் வலது 341 மி.மீ. தூக்குக்குண்டு நூலுக்கும் வீல் விளிம்புக்கும் இடையே பின் இடதில் 4 மி.மீ., பின் வலதில் 10 மி.மீ. இருக்கிறது. முன்பக்கம் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

முந்தைய உரிமையாளரிடம் பேசினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து இடித்ததில் இடது பின் ஃபெண்டர் நசுங்கி, டிங்கரிங் செய்து பட்டி பூசிப் பெயின்ட் அடித்ததாகச் சொன்னார். பம்ப் ஸ்டாப்பை வெட்டவில்லை என்று பட்டறையில் உறுதியாகச் சொல்கிறார்கள்.

ஒன்று புரியவில்லை. வண்டி வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்றால் இடது பின் டயருக்கு மேலே இடம் அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? அது ஏன் உரசுகிறது?

திருகுசாவி:

நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டியின் உடல் விறைப்பானது. சமதரையில் அது முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ சாயலாமே தவிர, முறுக்கிக்கொண்டு நிற்காது. ஆகவே முன் இடது, பின் வலது இரண்டின் கூட்டுத்தொகையும் மற்ற மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். உங்கள் அளவில் 687, 685 என்று வருகிறது. எனவே அளவுகளை நம்பலாம். நூற்றுக்கணக்கில் செலவில்லாமல் கிடைக்கும் இந்தச் சரிபார்ப்பை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. வலது முன்னும் இடது பின்னும் ஒருசேரத் தாழ்ந்துவிட்டன என்று சொல்லி எத்தனையோ பேர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார்கள்.

வலப்பக்கம் முன்னும் பின்னும் ஏறத்தாழ 10 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. இது வலது முன் டயரின் உரசலைக் கூட்டும்; இடது பின் டயரின் உரசலுக்கு இதில் பங்கே இல்லை. அங்கே சிக்கல் உயரத்தில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. இடதில் 4 மி.மீ., வலதில் 10 மி.மீ. என்ற உங்கள் தூக்குக்குண்டு அளவுதான் அதைச் சொல்கிறது. இதற்கு இரு காரணங்கள் இருக்க முடியும்: பின் அச்சு முழுவதும் இடப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது இடது ஃபெண்டர் உள்ளே இருக்க வேண்டும். வண்டியின் அடியில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து அந்தந்தப் பக்கத்துப் பின் டயரின் உட்சுவர் வரை அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் அச்சு நடுவில்தான் இருக்கிறது, குறை டிங்கரிங் வேலையில். தொழிற்சாலையில் ஃபெண்டரின் உள்விளிம்பு தட்டையாக மடிக்கப்பட்டிருக்கும். நசுங்கியதைச் சுத்தியலால் எடுத்துப் பட்டி நிரப்பும்போது அந்த மடிப்பு கீழ்நோக்கித் தொங்கியபடியே விடப்படுவதுண்டு. விரலை உள்ளே விட்டுத் தடவினாலே இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியும்.

அடுத்து, வலப்பக்கத் தாழ்வு முன்னிருந்து வருகிறதா பின்னிருந்து வருகிறதா என்று பிரிக்க வேண்டும். பின் டயர்கள் தரையில் இருக்க, கட்டைகளால் அவற்றை முன்னும் பின்னும் அண்டை கொடுத்துவிட்டு, முன்பக்கத்தைச் சப்ஃபிரேமின் (எஞ்சினுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தின்) சரிநடுவில் ஒரே ஜாக்கியால், டயர்கள் தரையைவிட்டு எழும்வரை தூக்குங்கள். இப்போது உடலின் பக்கவாட்டுச் சாய்வைத் தீர்மானிப்பவை பின் ஸ்பிரிங்குகள் மட்டுமே. பின்பக்க வேறுபாடு மறைந்துவிட்டால் குற்றவாளி முன்பக்கத்தில் இருக்கிறது, மறையாவிட்டால் பின்பக்கத்தில். வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விடாதீர்கள். ஒற்றை ஜாக்கியை ஒருபோதும் நம்பக் கூடாது.

முன்பக்கம்தான் என்று தெரிந்தால், ஆன்டிரோல் பாரை (இரு பக்கத்தையும் இணைத்து, வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) வீல்களோடு பிணைக்கும் இரு லிங்க் ராடுகளையும் கழற்றிவிட்டு மீண்டும் உயரத்தை அளக்க வேண்டும். பார் வளைந்தோ லிங்க் இழுத்துப் பிடித்தோ இருந்தால் வேறுபாடு அப்போது குறையும். குறையாவிட்டால் ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் இடது முன்பக்கத்திலிருந்து "டக்" ஓசை வருவதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பிரிங்கின் கீழ்நுனி அதற்கென உள்ள தடுப்பில் முட்டி உட்கார வேண்டும்; அப்படி உட்காராமல் திரும்பி நின்றால் ஸ்பிரிங் தன் பள்ளத்திலிருந்து மேலேறி அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடும், ஸ்டீயரிங் திருப்பும்போது இறுகி விடுபட்டு ஓசையும் எழுப்பும். வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இடப்பக்கம் உயர்ந்திருக்கவும் கூடும்.

ஸ்பிரிங்கில் அச்சிட்ட பகுதி எண்ணையும் பாருங்கள். மூன்று சிலிண்டர் பெட்ரோல் போலோவைவிட நான்கு சிலிண்டர் டீசலின் முன்பக்கம் கனமானது. பெட்ரோலுக்கான ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் முன்பக்கம் சொன்னதற்கு மேல் இறங்கிவிடும்.

சக்கரக்கோணம்:

நான் வீல் அலைன்மென்ட் தொழிலில் இருக்கிறேன். மேலே உள்ளவர்கள் சொன்னவற்றோடு, எங்கள் மேடைக்கு வரும் தாழ்த்திய வண்டிகளில் அடிக்கடி காணும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வலது முன் டயர் ரிவர்ஸில் மட்டும் உரசுவது ஒரு நல்ல தடயம். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ரிவர்ஸ் எடுக்கும்போது சாலை தரும் விசை டயரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முன்னோக்கி ஓடி பிரேக் அடிக்கும்போதும் அப்படியே. அதைத் தாங்கி நிறுத்துவது லோயர் ஆர்மின் பின்பக்கப் பெரிய ரப்பர் புஷ். அது கிழிந்திருந்தால் டயர் சில மி.மீ. பின்னால் போய் லைனரைத் தொடும். இருவர் சேர்ந்தால் சோதித்துவிடலாம்: ஒருவர் வண்டியை மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக் அடிக்க, மற்றவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நின்று, வீல் வளைவுக்குள் டயர் எவ்வளவு ஆடுகிறது என்று இடத்தையும் வலத்தையும் ஒப்பிட வேண்டும்.

அந்தப் புஷ்களின் போல்ட்டுகளை எப்போது இறுக்கினார்கள் என்பதும் முக்கியம். வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி தன் உண்மையான உயரத்துக்கு இறங்காது, ரப்பரும் விரைவில் கிழியும். வண்டியின் எடை டயர்களில் இருக்கும்போதுதான் இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட பிறகு பழைய புஷ்களையும் ஒருமுறை தளர்த்தி இறுக்குவது அவசியம். பத்தில் ஒரு பட்டறைகூட அதைச் செய்வதாகத் தெரியவில்லை.

கிளட்ச் வேலைக்காகச் சப்ஃபிரேம் எப்போதாவது இறக்கப்பட்டிருந்தால், திரும்பப் பொருத்தும்போது போல்ட் துளைகளின் இடைவெளிக்குள் அது ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். அப்போது ஒரு பக்கத்துக் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் தெரியும் வீலின் சாய்வு) குறைந்து மறுபக்கத்தில் கூடும். உங்களுக்கு முன்பக்கத் தூக்குக்குண்டு அளவுகள் சமமாக இருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அலைன்மென்ட் தாளில் இரு கேம்பர் அளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்வீல்களையும் இணைக்கும் ஒரே விட்டம்) ஆனதால் அங்கே கேம்பரையும் டோவையும் (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணத்தையும்) திருகிச் சரிசெய்ய வழியில்லை; பேருந்து இடித்த வண்டி என்பதால் இடது பின் டோவை நான் கவனமாகப் பார்ப்பேன்.

கடைசியாக, உரசலைவிட எனக்குக் கவலை தரும் ஒன்று. ஃபோக்ஸ்வேகனின் சொந்த வீல்களில் போல்ட் அமரும் இடம் கோளவடிவம். சந்தையில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்புவடிவம். பழைய போல்ட்டையே புதிய வீலில் போட்டிருந்தால் அது ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டுமே தொட்டு நிற்கும். ஓட ஓடத் தளரும். இன்றைக்கே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், அளவு காட்டும் ஸ்பேனரால். அத்துடன், போலோவின் ஹப் (வீலின் நடுத்துளை அமரும் குமிழ்) 57.1 மி.மீ.; பொதுப் பயன்பாட்டு அலாய்களின் நடுத்துளை பெரும்பாலும் அதைவிடப் பெரியதாக இருக்கும். இடையில் வளையம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வளையம் இல்லாமல் வீல் மையம் விலகி அமர்ந்தால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் வரும் அதிர்வை ஷாக்கின் குறை என்று எண்ணி வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நொய்யல்கரை:

முதலில் போல்ட்டுகளைப் பார்த்தேன். கூம்புவடிவப் போல்ட்டுகளைத்தான் போட்டிருக்கிறார்கள். ஹப் வளையங்களும் இருக்கின்றன. அந்த மட்டில் நிம்மதி.

வேறொரு பட்டறையில் முன்பக்கத்தை நடு ஜாக்கியால் தூக்கி அளந்தோம். பின்பக்க வேறுபாடு 9 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறைந்தது. லிங்க் ராடுகளைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. இடது முன் ஸ்ட்ரட்டைக் கழற்றியதும், ஸ்பிரிங்கின் கீழ்நுனி தடுப்பை விட்டு இரண்டு விரல் தூரம் விலகி, இருக்கையின் விளிம்பில் ஏறி நின்றதைப் பார்த்தோம். ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் டாப் மவுன்ட்டின் பேரிங்கும் சொரசொரப்பாகச் சுற்றியது, அதை மாற்றினோம். சரியாக உட்கார வைத்த பிறகு இடமும் வலமும் 4 மி.மீ. வேறுபாட்டில் நிற்கின்றன, "டக்" ஓசை போய்விட்டது. வலது லோயர் ஆர்மின் பின் புஷ் பாதி கிழிந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி, வண்டியை இறக்கிய பிறகே இறுக்கச் செய்தேன். பின் அச்சு நடுவில்தான் இருக்கிறது. இடது ஃபெண்டரின் உள்மடிப்பு, திருகுசாவி அவர்கள் சொன்னது போலவே, பட்டியோடு சேர்ந்து கீழே தொங்குகிறது.

கேபிள் டை முன்பக்கம் இரண்டிலும் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றது. ரிவர்ஸ் உரசல் குறைந்துவிட்டது, ஆனால் முழுவதும் போகவில்லை. இனி டயரையா, ஷாக்கையா, எதை முதலில் மாற்றுவது? மீதமுள்ள 4 மி.மீ.யைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

திருகுசாவி:

4 மி.மீ.யை விட்டுவிடுங்கள். ஓட்டுநர் தனியாக ஓட்டிய வண்டியில் வலது ஸ்பிரிங்குகளும் புஷ்களும் சற்றே கூடுதலாகத் தளர்வது இயல்பு; புதிய வண்டியிலேயே சில மி.மீ. வேறுபாடு இருக்கும்.

கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஷாக். தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கென உடல் குட்டையாகச் செய்யப்பட்ட ஷாக்குகள் கிடைக்கின்றன. அவற்றோடு வரும் பம்ப் ஸ்டாப்பையே பயன்படுத்துங்கள். முன்பக்கம் ரப்பர்க் கட்டையில் முட்டி நிற்கும்வரை வண்டி எந்த வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. உரசலில் டயரும் லைனரும் தேயும், இதில் கட்டுப்பாடே போகும். பஃபரைப் பற்றி மலைப்பாதை சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

டயருக்கு, இதே வீலில் 195/50 ஆர்16 பொருந்தும். விட்டம் 601 மி.மீ., பழையதோடு 2 மி.மீ. கூட வேறுபடாது, சுமைக் குறியீடு 84, அதாவது டயருக்கு 500 கிலோ, 185/60 ஆர்15க்கும் அதுவே. 7 அங்குல வீல் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட அகலத்தின் மேல் எல்லை, ஆகவே பக்கச்சுவர் சற்று இழுபட்டு நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் வீலின் உதடு அடிபடும் வாய்ப்புக் கூடுதல், காற்றழுத்தத்தைக் குறையவிடாதீர்கள். 205/45 ஆர்16 எடுக்க வேண்டாம்: விட்டம் 591 மி.மீ.க்கு இறங்கும், சாதாரண வகையில் சுமைக் குறியீடும் 83 ஆகக் குறையும். அதே ஆண்டுகளில் வந்த போலோ ஜி.டி.யின் பிற்கால வகைகளில் தொழிற்சாலையே 195/55 ஆர்16 போட்டது உண்மைதான்; ஆனால் அது தாழ்த்தாத வண்டி, அதன் விட்டம் 621 மி.மீ. உங்கள் ஆஃப்செட்டோடும் ஸ்பிரிங்கோடும் அதைச் சேர்த்தால் இன்னொரு முறை இங்கே எழுத வேண்டியிருக்கும்.

மலைப்பாதை:

ஃபெண்டர் மடிப்பு என்று நான் சொன்னது இப்போது ஒரே ஃபெண்டருக்கு, அதுவும் பழுது பார்ப்பதற்காக என்று சுருங்கிவிட்டது, மகிழ்ச்சி. பட்டி பூசிய மடிப்பைச் சூடாக்கி உருட்டக் கூடாது, பட்டி உதிர்ந்துவிடும். நல்ல டிங்கரிங் ஆளிடம் கொடுத்து, பட்டியைத் தேய்த்து எடுத்து, விளிம்பைத் தட்டி மடித்து, பெயின்ட் அடிப்பதற்கு முன் உள்பக்கத்தில் துருத்தடுப்புப் பூச்சு பூசச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அந்த விளிம்பின் உட்புறத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பின்னிருக்கையில் இருவரை அமர்த்தி மருதமலைச் சாலையில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். டயரில் வெள்ளைக் கோடு விழுந்தால் இன்னும் எங்கே தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சக்கரக்கோணம்:

புதிய ஷாக் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்ய வேண்டாம். ஸ்பிரிங்கும் புஷ்ஷும் அமர்வதற்குச் சில நூறு கி.மீ. ஓடட்டும், பிறகு டயரையும் மாற்றிவிட்டு ஒரே முறையாக வாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வைத்து, எரிபொருள் பாதித் தொட்டி இருக்கும்படி அளக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டின் மட்டத்தையும் அன்றே திருத்திவிடுங்கள். முன்பின் உயரம் மாறிய வண்டியில் அது கட்டாயம் விலகியிருக்கும்.